ஜட்ஜின் பொட்டலம்

கட்டப்பஞ்சாயத்து என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். துபாய் கராமாவில் ஏசி ஓடுகிற அறையில் உட்கார்ந்துகொண்டு, கீழே இறங்கினால் ஓட்டல், எதிரே போனால் சலூன் என்று வாழ்கிற என் கல்லூரி நண்பர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "ஏன்டா, டிகிரி வாங்கிட்டு அங்க போயி நாட்டாமை கோஷ்டியில சேந்துட்டியா?" என்று ஒருத்தன் கேட்டான். அவன் வாழ்க்கையில் பார்த்த பெரிய வழக்கு, பாத்ரூமுக்குள் யார் முதலில் போவது என்பதுதான். அன்றைக்கு அவனுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இப்போது இருக்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

நான் வேலை பார்த்த கேம்ப் ராசல்கைமா டவுனையும் தாண்டி வடக்கே, மலைக்குள் இருந்தது. ஷார்ஜா ரோலாவில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி வண்டிக்குக் காத்துக் கிடந்து போய்ச் சேர வேண்டும். மலையை வெடி வைத்து உடைத்துக் கல்லை அரைக்கிற கிரஷர். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. காலையில் கறுப்பாகப் போகிற ஆள் சாயங்காலம் வெள்ளைக்காரனாகத் திரும்பி வருவான். இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். பாதிக்கு மேல் தமிழாட்கள், மிச்சம் மலையாளிகளும், டம்பர் லாரி ஓட்டுகிற பாகிஸ்தான் பட்டாணிகளும். நான் பி.காம். முடித்துவிட்டு டைம்கீப்பராகப் போனேன். எவன் எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதுகிற வேலை. கேம்ப்பில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ஊர்ப் பேர்தான். என்னை மட்டும் 'காலேஜு' என்றார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

நிஜக் கோர்ட்டு டவுனில் இருந்தது. அங்கே போவதென்றால் ஒருநாள் டூட்டி போகும், எல்லாம் அரபியில் நடக்கும், மொழிபெயர்க்க ஆள் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் கேம்ப் பாஸ். சண்டை என்று அவர் காதில் விழுந்தால் அடித்தவன், அடி வாங்கினவன் என்ற வித்தியாசமே கிடையாது. "கலாஸ், தோனோ கேன்சல்" என்பார். இரண்டு பேருக்கும் விசா ரத்து, ஊருக்கு டிக்கெட். அதனால் கேம்ப்பில் ஒரு சட்டம் உண்டு. கேம்ப் விஷயம் கேம்ப்பிலேயே முடிய வேண்டும். முடித்துவைத்தவர் ஜட்ஜ்.

ஜட்ஜ் அம்பாசமுத்திரத்துக்காரர். கிரஷர் ஆபரேட்டர். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வளைகுடாவுக்கு வருவதற்கு முன்னால் ஊரில் முன்சீப் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று வாதி பிரதிவாதி பேரை மூன்று தடவை சத்தம் போட்டுக் கூப்பிடுவாரே, அந்த ஆள். அதுவும் தற்காலிக வேலை. பதினோரு வருஷம் தற்காலிகமாகவே வைத்திருந்துவிட்டு ஒருநாள் போகச் சொல்லிவிட்டார்கள். "ஜட்ஜு வருவான் போவான், மாத்தலாகிட்டே இருப்பான். எல்லா கேசையும் முழுசாக் கேட்டது நானும் அந்தச் சுவத்துப் பல்லியுந்தாம்ல" என்பார்.

இங்கே வந்த புதிதில் ஒரு ரூமில் கைகலப்பு. கேம்ப் பாஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும். இவர் விளையாட்டாக வாசலில் நின்று இரண்டு பேருடைய ஊர்ப் பேரையும் மும்மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரலுக்கு இரண்டு பேரும் கைகட்டி வந்து நின்றுவிட்டார்களாம். அன்று ஆரம்பித்த உத்தியோகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து தட்டெல்லாம் எடுத்த பிறகு, மெஸ்ஸில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். பெஞ்சில் நாங்கள். பட்டாணிகள்கூட வருவார்கள். "ஜட்ஜ் சாப், ஃபைஸ்லா கரோ", தீர்ப்புச் சொல்லுங்கள் என்று இந்தியில் வழக்கு நடக்கும். அவருடைய இந்தி கேட்கச் சகிக்காது, ஆனால் தீர்ப்பு எல்லோருக்கும் புரிந்துவிடும்.

நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த தீர்ப்பு ஒன்று. ஒரே ரூமில் மாமன் மச்சான் இரண்டு பேர். ஊரில் குடும்பத் தகராறு, இங்கே பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ரூம்காரர்கள் கேசு கொடுத்தார்கள். ஜட்ஜ் நியாயம் யார் பக்கம் என்றே கேட்கவில்லை. "இனி வெள்ளிக்கெழமை சோத்து அண்டாவ நீங்க ரெண்டு வேருந்தான் கிச்சன்ல இருந்து தூக்கிட்டு வரணும். ஆளுக்கொரு காது" என்றார். கொதிக்கிற அண்டா. படியில் இறங்க வேண்டும். 'மெல்ல', 'இந்தப் பக்கம்', 'கால் கால்' என்று சொல்லாமல் அதைத் தூக்கவே முடியாது. மூன்றாவது வாரம் இரண்டு பேரும் அண்டாவைப் பாதி வழியில் வைத்துவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சட்டக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கராமா நண்பர்கள் சொல்லட்டும்.

ஆனால் அவரிடம் இன்னொரு தண்டனையும் இருந்தது. பேச்சு கட். ஒரு மாதம் அந்த ஆளிடம் யாரும் பேசக் கூடாது, கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சுற்றி மலை, பக்கத்தில் கடைகூட இல்லை, பேசுவதற்கு இந்த இருநூறு பேரை விட்டால் வேறு ஆள் கிடையாது. நான் போவதற்கு முன்னால் ஒருத்தருக்கு அந்தத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் அவரே ஆபீசுக்குப் போய் கேன்சலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம்.

இந்தத் தண்டனைதான் பரமக்குடிக்காரருக்கு வரப் பார்த்தது.

அதற்கு முன்னால் பார்சல் சட்டத்தைச் சொல்ல வேண்டும். யார் லீவில் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் வீட்டுக்குச் சாமான் கொடுத்துவிடுவார்கள். முன்பெல்லாம் இதனால் பெரிய ரகளையாம். ஒருத்தன் டிவி கொடுப்பான், இன்னொருத்தன் அரை மூட்டை பேரீச்சம்பழம் கொடுப்பான். ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார்: ஐந்து பேர்தான் கொடுக்கலாம், ஆளுக்கு இரண்டு கிலோ. மெஸ்ஸில் எல்லோர் கண் முன்னாலும் பொட்டலம் கட்டி, டேப் ஒட்டி, தொங்கு தராசில் மாட்டி எடை போட வேண்டும். டேப் ஒட்டின பிறகு கொண்டுபோகிறவர் பிரிக்கக் கூடாது. பொட்டலத்தைப் பிரிப்பது ஒருத்தன் வீட்டுக் கதவைத் திறப்பதற்குச் சமம் என்பார். தராசைப் பிடிக்கிற வேலை டைம்கீப்பருக்கு. அதாவது எனக்கு. இரண்டு கிலோ நூறு கிராம் என்றால்கூட விடமாட்டேன். ஒரு சோப்பை வெளியே எடுக்க வைத்திருக்கிறேன். அவ்வளவு பந்தா.

பரமக்குடி டம்பர் ஓட்டுகிறவர். அமைதியான ஆள், ஆனால் பேச்சில்லாமல் இருக்க முடியாத ஆள். டம்பர் ஓட்டும்போதுகூட இன்ஜினோடு பேசிக்கொண்டிருப்பார். இரண்டாவது பெண் குழந்தை பிறந்து, முகம் பார்க்க இரண்டு மாத லீவில் போனார். ஐந்து பொட்டலம் போனது. ஆறாவதாக ஜட்ஜின் பொட்டலமும் போனது.

அவர் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜட்ஜ் நாற்காலியில் உட்காராமல் வாசலில் போய் நின்றார்.

"பரமக்குடீ! பரமக்குடீ! பரமக்குடீ!"

பரமக்குடி கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். ஜட்ஜ் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏலே, எம் பொட்டலம் எங்கல?"

"ஏர்போட்டுல வெயிட்டு கூடிப்போச்சுண்ணே. அஞ்சு கிலோ எறக்கு, இல்லன்னா ஒதுங்கி நில்லுன்னுட்டான் கவுண்டர்ல. பின்னாடி லைனு கத்துது. மொதல்ல என்னோடதத்தாண்ணே எடுத்தேன். போர்வைய எடுத்தேன். புள்ளைக்கு வாங்குன பொம்மைய எடுத்தேன். அப்பயும் நாலு கிலோ நிக்கிது. உங்க பொட்டலத்த எடுத்தேன், சரியாப் போச்சு."

"எடுத்து?"

"கொண்டாந்து விட்ட வண்டி போயிருச்சு. சிம்மக் கழட்டி ரூம்காரன்ட்டக் குடுத்துட்டேன், போன் போட வழியில்ல. அங்க தரை கூட்டிக்கிட்டிருந்த பெங்காலி பாய்ட்ட, பாய் ரக்கோ, வச்சிருங்கன்னு குடுத்துட்டு ஏறிட்டேன்."

"அவன் ரக்கிட்டான்" என்று பின்பெஞ்சில் ஒரு குரல். சிரிப்பு. ஜட்ஜ் அந்தப் பக்கம் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமால? எம் மவ வக்கீலுக்குப் படிச்சு முடிச்சிருக்கா. அவளுக்குக் கோட்டு தைக்கக் கறுப்புத் துணி. ரோலால அஞ்சு கடை ஏறி எறங்கி வாங்குனது. மேக்கொண்டு இருந்ததெல்லாம் பால்பவுடரு டின்னும் இஸ்திரிப் பெட்டியுந்தாம்ல. பிரிச்சுப் பாத்துருந்தா துணிய மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கலாம்லா?"

"பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொல்லிருக்கீக?"

உண்மையாகவே குழப்பத்தோடு கேட்டார். கிண்டல் இல்லை. சட்டத்தை மதித்து, பிரிக்காமல், முழுப் பொட்டலத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். உலகத்தில் எங்கள் கேம்ப் ஆளைத் தவிர வேறு எவனும் இப்படிச் செய்யமாட்டான்.

ஜட்ஜ் அதற்கு மசியவில்லை. "சரி. ஏர்போட்டுல போச்சு. அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா? எம் வீட்டுக்காரி உனக்கு எத்தன தடவ போன் போட்டா? அடுத்த வாரம் கொண்டாரேன், காச்சலு, வண்டி கெடைக்கலன்னு ரெண்டு மாசமாப் பொய் சொல்லிருக்க. அவளுவளும் நம்பிட்டு, வேற துணி எடுக்காம இருந்துருக்காளுவ. எம் மவ வக்கீலாப் பதிஞ்ச அன்னைக்கு எவளோ ஒருத்தி கோட்ட எரவல் வாங்கிப் போட்டுட்டு நின்னுருக்கா. கை இத்தத் தண்டி தொங்குதாம்."

பரமக்குடி தலை குனிந்துகொண்டார். "பயமா இருந்துச்சுண்ணே" என்றார்.

"பேச்சு கட்டு. ஒரு மாசம்."

பரமக்குடியின் முகத்தைப் பார்த்தேன். அடி விழுந்த மாதிரிகூட இல்லை, தண்ணீருக்குள் முங்கப் போகிற ஆள் மூச்சை இழுக்கிற மாதிரி இருந்தது. "அண்ணே, வேற என்ன வேணாலும் குடுங்கண்ணே. ஒரு மாசம் கக்கூஸ் கழுவுறேன். அது வேணாம்ணே. நான் கேன்சல் பண்ணிட்டுப் போயிருவேண்ணே, என்னால முடியாது" என்றார். இரண்டு பெண் குழந்தைகளும் அந்த டம்பர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்தேன். வீரம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக எழுந்துவிடும், கல்லூரியிலும் அப்படித்தான்.

"ஜட்ஜண்ணே, நாற்காலிய விட்டு எந்திரிங்க."

"என்னலே?"

"கேசு குடுத்தது நீங்க. தீர்ப்புச் சொல்றதும் நீங்களா? எந்த ஊர்ல நடக்கும் இது? உங்க முன்சீப் கோர்ட்ல நடக்குமா?"

மெஸ்ஸில் பெரிய இரைச்சல். "ஏய் காலேஜு, உக்காருடா", "ரெண்டு எழுத்து படிச்சிட்டா?", "அவன் கேட்டது நாயந்தானப்பா". ஒரு பட்டாணி டிரைவர் பக்கத்து ஆளிடம் "க்யா போலா?" என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் என் முதுகில் ஒன்று போட்டார். பாராட்டா கண்டிப்பா என்று இன்றுவரை தெரியாது. முதுகு வலித்தது.

ஜட்ஜ் மெதுவாக எழுந்தார். கோர்ட் பேரைச் சொன்னது அவரை எங்கேயோ தொட்டிருக்க வேண்டும். நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளினார்.

"நடக்காதுதான். அப்ப நீ உக்காருல. கேளு. வயசுக்கும் படிப்புக்கும் என்னதான் கிழிக்கன்னு பாப்போம்."

உட்கார்ந்தேன். இருபத்துமூன்று வயசு. எதிரே பரமக்குடிக்குப் பக்கத்தில் ஜட்ஜ் போய் நின்றார், இரண்டு பேரும் ஒரே தூரத்தில். என்ன கேட்பது என்று யோசிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. கேட்க வேண்டிய கேள்வி என் கழுத்துக்கும் கத்தி.

"ஜட்ஜண்ணே, உங்க பொட்டலத்த மெஸ்ல வச்சுக் கட்டுனீங்களா?"

"ரூம்ல கட்டுனேன்."

"எத்தன கிலோ?"

ஜட்ஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தராசுல மாட்டுனீங்களா?"

"நீதானல தராசு பிடிச்ச" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. தராசு என் கையில்தான் இருந்தது. ஐந்து பேர் பொட்டலத்தை மாட்டி இறக்கினேன். அவர் டேப் ஒட்டின பொட்டலத்தைக் கொண்டுவந்து பரமக்குடி பெட்டிக்குள் வைத்தபோது நான் தராசைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அது முதல் தடவையும் இல்லை. நான் அங்கே இருந்த காலம் முழுக்க, லீவில் போன ஒவ்வொருத்தருடனும் அவர் பொட்டலம் போயிருக்கிறது. ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. சோப்புக்கு எகிறினவன், ஜட்ஜிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஆமா. நான்தான் போடல. உங்களுக்குப் பயந்துக்கிட்டுப் போடல" என்றேன். "இப்ப நீங்க சொல்லுங்க. எத்தன கிலோ இருக்கும்?"

ஜட்ஜ் பொய் சொல்லியிருக்கலாம். பொட்டலம் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ, யார் வீட்டில் அந்த இஸ்திரிப் பெட்டி ஓடுகிறதோ, எடை தெரிய வழியே இல்லை. இரண்டு கிலோ என்று சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும்.

"நாலு. நாலே கால் இருக்கும்" என்றார்.

எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அந்த ஒரு வினாடியில் கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை. நினைத்துப் பார்க்க நேரமும் இல்லை. பேசிவிட்டேன்.

"பொட்டலம் போனதுக்குப் பரமக்குடி பொறுப்பில்ல. அது சட்டப்படி அந்தப் பெட்டிக்குள்ள போயிருக்கவே கூடாது. போனதுக்கு நீங்களும் நானும்தான் பொறுப்பு. பொய் சொன்னதுக்கு அவரு பொறுப்பு. வீட்டு ஆளுங்க கிட்டதான் பொய் சொன்னாரு, அவங்க கிட்டயே போன் போட்டு நடந்தத ஒண்ணுவிடாம சொல்லட்டும், உங்க மக கிட்டயும் சொல்லட்டும். பேச்சு கட் கிடையாது. இன்னைக்கு மட்டும் இல்ல, யாருக்குமே கிடையாது. ஒருத்தன் குரல் கேக்கக் கூடாதுன்னு இருநூறு பேரு சேந்து முடிவு பண்றதுக்குப் பேரு தண்டனை இல்ல."

கடைசி வரியில் கொஞ்சம் சினிமா ஏறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கமாட்டேன். அன்றைக்கே பாதிக் கேம்ப் சொன்னது, தராசு பிடிக்காத குற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் காலேஜு இப்படித் தீர்ப்புச் சொன்னான் என்று. சொல்லட்டும். என் குற்றத்தை மெஸ் நடுவில் நானேதான் சொன்னேன், வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜட்ஜ் அசையவில்லை. பரமக்குடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் ஜட்ஜ் பேசாமல் போய்விட்டால் கேம்ப்பும் பேசாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். அவர் கதவுப் பக்கம் இரண்டு எட்டு நடந்தார். என் தீர்ப்பு தரையில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"காலேஜு, நீ சொன்ன தீர்ப்பு தப்புதாம்ல. பொய்க்கு இது பத்தாது. நானா இருந்தா இப்படிச் சொல்லிருக்கமாட்டேன்."

"அப்பீல் பண்ணுங்க" என்றேன். வாய்க்கொழுப்பு.

"அப்பீலுக்கு எங்கல போவ? மேக்கொண்டு இருக்கது மலைதான்." யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பதினோரு வருசம் நின்னுருக்கேன் கோர்ட்டு வாசல்ல. தப்புத் தீர்ப்பு எத்தனையோ கேட்டுருக்கேன். நாற்காலில இருக்கவன் சொல்லிட்டான்னா அதான். கேட்டுக்கிட்டுத்தான் போணும்."

பிறகு பரமக்குடிக்கு நேராக வந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

"ஏலே எருமமாட்டுப் பயலே! பாய் ரக்கோவா? ரக்கோன்னா அவன் ரக்கிருவானால? அவன் என்ன ஒம் மாமனா? நாலு கிலோ பொட்டலத்த எவன்ட்டயோ குடுத்துட்டு பிளைட்டு ஏறுன பய இந்த ஒலகத்துல நீ ஒருத்தந்தாம்ல இருப்ப! டேப்பைப் பிரிச்சா என் கையா வந்து ஒன் கழுத்தப் பிடிக்கப் போவுது? மூளைய எந்தக் கிரஷர்லல போட்டு அரைச்ச?"

அவ்வளவுதான். பேச ஆரம்பித்துவிட்டார். மெஸ்ஸில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஜட்ஜ் நிறுத்தவே இல்லை. பரமக்குடியின் புத்தி, டம்பர் ஓட்டுகிற லட்சணம், கைலி கட்டுகிற விதம், போன வருஷம் பாத்ரூம் குழாயை உடைத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்தார். மகள் இரவல் கோட்டில் நின்றதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒருமுறை பிசகியது, உடனே அதற்கும் சேர்த்து இன்னும் சத்தமாகத் திட்டினார். பரமக்குடி ஒவ்வொரு வசவுக்கும் "ஆமாண்ணே", "ஆமாண்ணே" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். குழாய் விஷயம் வந்தபோது மட்டும், "அது நான் ஒடைக்கலண்ணே, அது தூத்துக்குடிக்காரன்" என்றார்.

"எதுத்துப் பேசுதியால!" என்று ஜட்ஜ் கத்தினார். பின்பெஞ்சிலிருந்து தூத்துக்குடிக்காரர் எழுந்து, "எவம்ல சொன்னது?" என்று முன்னால் வர ஆரம்பித்தார்.